சக்கர நாற்காலியின் வரலாறு: தள்ளுபவர் கையிலிருந்து அமர்ந்தவர் கைக்கு

சக்கர நாற்காலி என்பது நடக்க இயலாதவர்களும், நடப்பதில் சிரமம் உள்ள முதியவர்களும் அமர்ந்தபடியே இடம்பெயர உதவும், சக்கரங்கள் பொருத்திய இருக்கை ஆகும். பேச்சு வழக்கில் 'வீல்சேர்' என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மருத்துவமனை வாசலிலும் ரயில் நிலையத்திலும் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அடுத்த முறை பார்க்கும்போது இரண்டு உறுப்புகளைக் கவனிக்கலாம். முதுகுப்பக்கம் இரண்டு கைப்பிடிகள் இருக்கும். பக்கவாட்டில், பெரிய சக்கரத்தை ஒட்டி, ஒரு மெல்லிய வளையம் இருக்கும். கைப்பிடி தள்ளுபவருக்கானது. வளையம் அமர்ந்திருப்பவருக்கானது. நாற்காலியில் சக்கரம் ஏறிய பிறகும் இந்த வளையம் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அதற்குப் பிறகும் அந்த வளையத்தைப் பிடித்துத் தாமே தெருவுக்குப் போக முடிந்தவர்கள் மிகச் சிலரே. அந்த நீண்ட மாற்றத்தின் கதையே இக்கட்டுரை.

அரசருக்குச் செய்த நாற்காலி

சக்கரமும் நாற்காலியும் மிகப் பழமையானவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததற்கான சான்றாக, கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனக் கற்செதுக்கு ஒன்று பெரும்பாலும் காட்டப்படுகிறது. ஆனால் உடல்நலம் குன்றியவர் ஒருவருக்காகவே செய்யப்பட்டது என்று தெளிவாகச் சொல்லத்தக்க பழைய நாற்காலி, ஸ்பெயின் நாட்டு அரசர் இரண்டாம் பிலிப்புடையது. பாதி உலகை ஆண்டவர் என்று சொல்லத்தக்க அந்த அரசர், முதுமையில் கடுமையான மூட்டு நோயால் நடக்க முடியாமல் போனார். அவருடைய அரண்மனையில் பணியாற்றிய ழெஹான் லெர்மித் என்பவர் 1595ஆம் ஆண்டளவில் ஒரு நாற்காலியை வடிவமைத்தார். அதன் முதுகு சாயும், கால் வைக்கும் பலகை உயரும், நான்கு கால்களிலும் சிறு சக்கரங்கள் இருக்கும். அதன் வரைபடம் லெர்மித்தின் குறிப்பேட்டில் இன்றும் உள்ளது.

வசதியான நாற்காலிதான். ஆனால் அச்சக்கரங்கள் மிகச் சிறியவை; உட்கார்ந்திருப்பவரின் கை எட்டாது. அரசர் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போக வேண்டுமானால் வேலையாள் வந்து தள்ள வேண்டும். அரசருக்கு வேலையாட்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் இது குறையாகத் தோன்றவில்லை. சக்கர நாற்காலியின் முதல் வடிவம் இவ்வாறு ஏவலாட்கள் உள்ள வீட்டுக்கென அமைந்தது. அதன் பிறகு வந்த வடிவங்கள் பலவும் வெகுகாலம் இந்த எண்ணத்தையே பின்பற்றின.

கடிகாரக்காரர் ஸ்டெஃபான் பார்ஃப்ளர்

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஜெர்மனியின் நூரம்பர்க் நகருக்கு அருகில் ஆல்ட்டார்ஃப் என்ற ஊரில் ஸ்டெஃபான் பார்ஃப்ளர் (1633-1689) என்ற கடிகாரம் செய்பவர் வாழ்ந்தார். சிறுவயதிலிருந்தே அவரால் நடக்க முடியாது. 1655இல், இருபத்திரண்டாம் வயதில், தமக்கென்று ஒரு மூன்று சக்கர வண்டியைச் செய்துகொண்டார். முன்சக்கரத்தோடு பற்சக்கரங்களை இணைத்து, அவற்றைச் சுழற்ற இரண்டு கைப்பிடிகளை வைத்தார். கையால் சுற்றினால் முன்சக்கரம் உருளும், வண்டி நகரும். கடிகாரத்துக்குள் பற்சக்கரங்களைப் பொருத்திப் பழகிய கைக்கு இது இயல்பாக வந்திருக்க வேண்டும்.

மிதிவண்டி தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே செய்யப்பட்டதால், பார்ஃப்ளரின் வண்டியை மிதிவண்டியின் முன்னோடி என்றும் சிலர் கருதுகின்றனர். தமிழ்நாட்டுச் சாலைகளில் மாற்றுத்திறனாளிகள் கையால் சுழற்றி ஓட்டிச் செல்லும் மூன்று சக்கர வண்டியைப் பார்த்தவர்களுக்குப் பார்ஃப்ளரின் வண்டிப்படம் அந்நியமாகத் தோன்றாது. சங்கிலி வந்துவிட்டது, ரப்பர் டயர் வந்துவிட்டது, எண்ணம் அதேதான். இதைச் செய்தவர் தாமே அதில் உட்கார்ந்தவர் என்பதை மறக்கக் கூடாது. இவ்வரலாற்றில் முக்கியமான திருப்பங்கள் பலவும் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களிடமிருந்தே வந்தன.

பாத் நகரத்து நாற்காலி

இங்கிலாந்தில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் பாத். நோய் தீரும் என்று நம்பிச் செல்வந்தர்கள் அங்கே வந்து நீராடினர். அவர்களை விடுதியிலிருந்து ஊற்றுக்கு அழைத்துச் செல்ல ஒருவகை வண்டி உருவாயிற்று. ஊரின் பெயராலேயே அது 'பாத் நாற்காலி' எனப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரைச் சேர்ந்த ஜான் டாசன் இதைச் செய்து விற்றுப் பெயர்பெற்றார். பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், முன்னால் ஒரு சிறு சக்கரம். அமர்ந்திருப்பவர் கையில் ஒரு நீண்ட கோல் இருக்கும். அதைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். திசையை அவர் தீர்மானிக்கலாம். ஆனால் நகர்த்துவதற்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இங்கிலாந்தின் பூங்காக்களிலும் கடற்கரை ஊர்களிலும் இவ்வண்டிகள் வாடகைக்குக் கிடைத்தன, ஆளோடு சேர்த்து.

வளையம் வருகிறது

1869இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஒரு வடிவத்தில் பின்புறம் பெரிய சக்கரங்களும் முன்புறம் சிறு சக்கரங்களும் இருந்தன. அமர்ந்திருப்பவரின் கை சக்கரத்தை எட்டியது. ஆயினும் சக்கரத்தையே பிடித்துத் தள்ளினால் தெருவின் சேறும் சாணமும் கையில் ஒட்டும். 1880களில் சக்கரத்தின் வெளிப்புறம் சற்றுச் சிறிய வளையம் ஒன்று கூடுதலாகப் பொருத்தப்பட்டது. வளையம் தரையைத் தொடாது; கை அழுக்காகாது. இன்று வரை கையால் தள்ளும் எல்லாச் சக்கர நாற்காலிகளிலும் இருப்பது இந்த வளையமே. பெரிய அறிவியல் ஏதும் இதில் இல்லை. ஆனால் பார்ஃப்ளருக்குப் பிறகு அமர்ந்தவர் கைக்கு வந்த முதல் பெரிய வசதி இதுதான்.

அக்கால நாற்காலிகள் மரத்தாலும் பிரம்பாலும் ஆனவை. பெருத்தவை, மடங்காதவை. வீட்டுக்குள் உருட்டலாம், தாழ்வாரத்தில் உருட்டலாம். வெளியூர் கொண்டுபோக முடியாது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட்டுக்கே இது சரிப்படவில்லை. 1921இல், 39ஆம் வயதில், நோயால் அவர் கால்கள் செயலிழந்தன. அந்நோய் இளம்பிள்ளை வாதம் எனக் கண்டறியப்பட்டது. அவர் ஒரு சாதாரண நாற்காலியின் அடியில் சக்கரங்களைப் பொருத்தச் செய்து பயன்படுத்தினார். அது ஒடுக்கமானது, குறுகிய கதவுகளில் நுழையும், எட்ட நின்று பார்த்தால் வீட்டு நாற்காலி போலவே இருக்கும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதே அவர் விருப்பம். பொதுமக்கள் தம்மைச் சக்கர நாற்காலியில் பார்ப்பதை அவர் தவிர்த்தார். அவ்வாறான புகைப்படங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 1997இல் வாஷிங்டன் நகரில் அவருக்கு நினைவகம் திறக்கப்பட்டபோது, சிலையில் நாற்காலியை ஒரு நீண்ட மேலங்கி மூடியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் இதை எதிர்த்தனர். அவர்கள் நிதி திரட்டியதன் பயனாக, சக்கர நாற்காலியில் வெளிப்படையாக அமர்ந்திருக்கும் மற்றொரு சிலை 2001இல் அங்கே சேர்க்கப்பட்டது.

மடிக்கும் நாற்காலி

ஹெர்பர்ட் எவரெஸ்ட் ஒரு சுரங்கப் பொறியாளர். 1918இல் சுரங்க விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து கால்கள் செயலிழந்தன. அவரிடம் கார் இருந்தது. ஆனால் அவருடைய நாற்காலி காருக்குள் போகாது. இறங்கும் இடத்தில் நாற்காலி இல்லாவிட்டால் கார் இருந்து என்ன பயன்? நண்பரும் இயந்திரப் பொறியாளருமான ஹாரி ஜென்னிங்ஸிடம் இதைச் சொன்னார். இருவரும் சேர்ந்து 1933இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜென்னிங்ஸின் வீட்டுக் கார்க் கொட்டகையில் எஃகுக் குழாயால் ஒரு நாற்காலி செய்தனர்.

அதன் நுட்பம் இருக்கைக்கு அடியில் இருந்தது. இரண்டு குழாய்கள் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, நடுவில் ஓர் ஆணியில் சுழலும். இருக்கை துணியால் ஆனது. நடுத் துணியைப் பிடித்து மேலே தூக்கினால் கத்தரிக்கோல் மூடுவது போல இரு பக்கச் சக்கரங்களும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். இருக்கையை அழுத்தினால் மீண்டும் விரியும். உட்கார்ந்திருப்பவரின் எடையே அதை விரிந்த நிலையில் இறுக்கிப் பிடிக்கும். ஏறத்தாழ 22 கிலோ எடையுள்ள அந்த நாற்காலியை மடித்துக் காரின் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடலாம். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பது பெரும்பாலும் இந்த வடிவத்தின் வழிவந்ததே.

இருவரும் தங்கள் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் காயத்தோடு திரும்பியபோது நிறுவனம் பெருவளர்ச்சி கண்டது. அடுத்த நாற்பது ஆண்டுகள் அமெரிக்கச் சந்தை ஏறக்குறைய அவர்கள் கையில். போட்டி இல்லாத இடத்தில் புதுமையும் இல்லை: வடிவம் பெரிதாக மாறவில்லை, எடை குறையவில்லை, விலை மட்டும் உயர்ந்தது. 1977இல் அமெரிக்க நீதித்துறை, சந்தையை முற்றாகக் கைப்பற்றி வைத்திருப்பதாக அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. பயனாளி ஒருவரின் தேவையிலிருந்து பிறந்த நிறுவனத்துக்கும் பயனாளியை மறப்பது எளிதாகவே இருந்திருக்கிறது.

உயிரோடு இருத்தலும் விளையாடுதலும்

நாற்காலி மட்டும் நன்றாக இருந்தால் போதாது. அதில் அமர ஆள் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, தண்டுவடம் அறுபட்டவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோயினர். காயம் அவர்களைக் கொல்லவில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும் கொன்றன. ஜெர்மனியில் யூதர் என்பதால் துன்புறுத்தப்பட்டு 1939இல் இங்கிலாந்துக்கு வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த கண்டிப்பான விதி. புண் ஆறியதும் எழுந்து உட்கார வேண்டும், உட்கார்ந்ததும் ஏதேனும் வேலை கற்க வேண்டும், விளையாட வேண்டும்.

1948 ஜூலை 29 அன்று லண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. அதே நாளில் மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி ஒன்றைக் குட்மன் நடத்தினார். அவர்களில் இருவர் பெண்கள். நாளை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். அப்போட்டி வளர்ந்து 1960இல் ரோம் நகரில் நடந்தது. அதுவே முதல் பாராலிம்பிக் எனக் கணக்கிடப்படுகிறது. விளையாட்டு வந்ததும் நாற்காலியின் மீதான எதிர்பார்ப்பும் மாறியது. கூடைப்பந்து ஆடுபவருக்கு 22 கிலோ எஃகு பெருஞ்சுமை. வீரர்கள் தாங்களே ரம்பம் எடுத்துக் கைத்தாங்கிகளை அறுத்தனர், தேவையற்ற குழாய்களை நீக்கினர்.

இரண்டு விரலால் ஓட்டியவர்

கைகளும் செயலிழந்தவர்களுக்கு வளையத்தால் பயனில்லை. போரில் கழுத்துக்குக் கீழ் உணர்விழந்து திரும்பிய கனடா நாட்டு வீரர்களுக்காக, அந்நாட்டு தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் பொறியாளர் ஜார்ஜ் கிளைன் 1950களில் மின்சாரச் சக்கர நாற்காலியை உருவாக்கினார். அதற்கு முன்பும் நாற்காலியில் மோட்டார் பொருத்திப் பார்த்தவர்கள் உண்டு. கிளைனின் சிறப்பு, இரு சக்கரங்களுக்கும் தனித்தனி இயக்கம் கொடுத்ததில் இருந்தது. இடச்சக்கரம் நின்று வலச்சக்கரம் மட்டும் சுழன்றால் நாற்காலி இடப்புறம் திரும்பும். ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் சுழன்றால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். இவற்றையெல்லாம் ஒரு சிறு நெம்புகோலை அசைத்துச் செய்யலாம். அறைக்குள் வளைந்து நெளிந்து செல்லும் இன்றைய மின் நாற்காலிகளின் அடிப்படை இதுவே.

இதன் பயனை உலகுக்குக் காட்டியவர்களுள் முக்கியமானவர் கலிஃபோர்னியாவின் எட் ராபர்ட்ஸ் (1939-1995). 1953இல், 14ஆம் வயதில், இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கழுத்துக்குக் கீழே இரண்டு விரல்களும் கால் விரல் சிலவும் மட்டுமே அசைந்தன. இரவில் 'இரும்பு நுரையீரல்' எனப்பட்ட மூச்சுவிட உதவும் உருளைக்குள் படுக்க வேண்டும். தொலைபேசி வழியாகப் பாடம் கேட்டுப் பள்ளிப் படிப்பை முடித்தார். உடற்பயிற்சி வகுப்பும் வாகனம் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று காரணம் காட்டிச் சான்றிதழ் தர மறுத்தது பள்ளி. அவருடைய தாய் போராடி வாங்கினார். அடுத்து மாநில மறுவாழ்வுத் துறை, இவர் வேலைக்குத் தகுதி பெற வாய்ப்பே இல்லை என்று உதவித்தொகையை மறுத்தது. அதையும் எதிர்த்து வென்று 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரல் விடுதி அறைக்குள் நுழையாது என்பதால் வளாக மருத்துவமனையின் ஓர் அறையே அவருக்கு விடுதியாயிற்று.

தொடக்கத்தில் ராபர்ட்ஸின் நாற்காலியை உதவியாளர் ஒருவர் தள்ளிச் சென்றார். பின்னாளில் ராபர்ட்ஸ் சொன்ன காரணம் வேடிக்கையானது, உண்மையானதும்கூட: காதலியோடு வெளியே போகும்போதெல்லாம் பின்னால் ஒருவர் நின்று தள்ளிக்கொண்டிருந்தால் எப்படிப் பேசுவது? மின் நாற்காலியை இவரால் ஓட்ட முடியாது என்று முன்பு சொல்லப்பட்டிருந்தது. விரல்களால் இழுக்க முடியும், தள்ள முடியாது. கட்டுப்பாட்டுக் கருவியைத் திருப்பிப் பொருத்தியதும் சிக்கல் தீர்ந்தது: இழுத்தால் நாற்காலி முன்னே போயிற்று.

வளாகத்துக்கு வெளியே போனதும் அடுத்த தடை தெரிந்தது. நடைபாதையின் விளிம்பு. ஆறு அங்குல உயரம்தான். நடப்பவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. எவ்வளவு நல்ல மோட்டாரும் அந்த ஆறு அங்குலத்தில் நின்றுவிடும். ராபர்ட்ஸும் நண்பர்களும் நகர மன்றத்தை நெருக்கியதன் விளைவாக, 1970களின் தொடக்கத்தில் பெர்க்லி நகரின் நடைபாதை விளிம்புகள் திட்டமிட்டுச் சரிவாக வெட்டப்பட்டன. 1972இல் அவர்கள் நிறுவிய 'தற்சார்பு வாழ்வு மையம்' உலகெங்கும் இத்தகைய மையங்களுக்கு மாதிரியாயிற்று. 1975இல் ஆளுநர், ராபர்ட்ஸை மாநில மறுவாழ்வுத் துறைக்கே இயக்குநராக நியமித்தார். இவர் எதற்கும் தேறமாட்டார் என்று எழுதிய அதே துறைதான்.

நடைபாதைச் சரிவால் யாருக்கெல்லாம் பயன்? குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய், சுமை இழுக்கும் தொழிலாளி, முழங்கால் வலியுள்ள மூத்தவர். அது வெட்டப்பட்ட பிறகுதான் இவர்கள் எல்லாம் கண்ணில் பட்டனர். அமெரிக்காவில் இதற்கான உரிமை நாடு முழுதும் சட்டமாவதற்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் சட்டத்தை விரைவுபடுத்தக் கோரி, போராட்டக்காரர்கள் பலர் தங்கள் சக்கர நாற்காலிகளைக் கீழே விட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்தே ஏறினர். ஜூலை 26 அன்று சட்டம் கையெழுத்தாயிற்று.

எடை குறைந்த கதை

1978இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மர்லின் ஹாமில்டன், விரிசிறகு கட்டி மலையிலிருந்து பறக்கும் விளையாட்டில் விபத்துக்குள்ளாகி நடக்கும் ஆற்றலை இழந்தார். கிடைத்த எஃகு நாற்காலி அவருக்குப் பிடிக்கவில்லை. விரிசிறகு செய்யும் நண்பர்கள் இருவரிடம், அதே அலுமினியக் குழாயால் ஒரு நாற்காலி செய்ய முடியுமா என்று கேட்டார். செய்து முடித்தபோது எடை ஏறத்தாழ 12 கிலோ. பழையதில் பாதி. பளிச்சென்ற வண்ணங்களும் பூசினர். மருத்துவமனைச் சாமான் போல் இருந்தது சொந்த வண்டி போல் ஆயிற்று. பின்சக்கரத்தின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்தி அமைத்துக்கொள்ள முடிந்தது இன்னொரு நன்மை. சக்கரம் உடலின் எடைக்கு நேர்கீழே வந்தால் தோளுக்கு வேலை குறையும். பல ஆண்டுகள் கையால் தள்ளுபவர்களுக்குக் கடைசியில் தேய்வது தோள்மூட்டுதான்.

மற்றொருவர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ். 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு நாற்காலிக்கு வந்த பொறியாளர். 1980இல் நிகரகுவா நாட்டுக்குச் சென்றபோது, அங்குள்ள இளைஞர்கள் ஒரே நாற்காலியைச் சிலர் பகிர்ந்துகொண்டிருப்பதையும், உடைந்த வெளிநாட்டு நாற்காலிகளை அவர்களே கிடைத்த பொருளால் செப்பனிட்டிருப்பதையும் கண்டார். வழவழப்பான மருத்துவமனைத் தரைக்குச் செய்த சிறு முன்சக்கரம் மண்சாலையில் புதைந்துவிடும். உள்ளூர் மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் சக்கரம், உள்ளூர்க் கொல்லர் வளைக்கக்கூடிய குழாய், அகலமான முன்சக்கரம் ஆகியவற்றைக் கொண்டு அவர் உருவாக்கிய வடிவங்கள் பல நாடுகளுக்குப் பரவின. அவ்வடிவங்களுக்கு அவர் காப்புரிமைக் கட்டணம் கேட்கவில்லை.

வேலூரும் ஆய்க்குடியும்

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றை மேரி வர்கீஸிடமிருந்து தொடங்குவது பொருத்தம். கொச்சியில் 1925இல் பிறந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். இளம் மருத்துவரின் வாழ்க்கை அதோடு முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பர். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி வந்த மருத்துவர் பால் பிராண்ட், கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே என்று ஊக்கினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தலைமையேற்று வளர்த்தார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் தோன்றிய முன்னோடி நிலையங்களுள் அது ஒன்று. அவருக்கு 1972இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அங்கே கற்பிக்கப்பட்டவை சின்னச் சின்னச் செயல்கள்தாம்: கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு மாறுவது, கைகளை ஊன்றி உடலைச் சற்று உயர்த்திப் படுக்கைப்புண் வராமல் காப்பது. ஒருவர் நாள்தோறும் வீட்டாரை எத்தனை முறை அழைக்க வேண்டியிருக்கிறது என்பதை இவையே முடிவு செய்கின்றன.

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வுக்கான உடற்பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 1981இல் அவர் தம் ஊரிலேயே தொடங்கிய அமர் சேவா சங்கம், சிறு பள்ளியாகத் தொடங்கிப் பெரிய மறுவாழ்வு மையமாக வளர்ந்தது. 2020இல் அவர் பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டார். நகரத்துக்கு வந்துதான் சிகிச்சை பெற வேண்டும் என்ற நிலையை ஒரு கிராமத்திலிருந்து மாற்றிக் காட்டியது இம்மையம்.

உபகரணங்களைப் பொறுத்தவரை, கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட அலிம்கோ என்ற அரசு நிறுவனமே பொய்க்கால்களையும் சக்கர நாற்காலிகளையும் மூன்று சக்கர வண்டிகளையும் நாடு முழுவதற்கும் செய்து தருகிறது. சென்னை ஐஐடியும் இத்துறையில் ஈடுபட்டுள்ளது. அமர்ந்திருப்பவரை எழுந்து நிற்க வைக்கும் 'அரைஸ்' நாற்காலி 2019இல் அங்கிருந்து வெளிவந்தது. அங்கு உருவான 'நியோபோல்ட்' என்ற மோட்டார் இணைப்பைச் சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் அது மூன்று சக்கர வண்டியாகிச் சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். பார்ஃப்ளரின் முன்சக்கரம்தான், பற்சக்கரத்துக்குப் பதில் மின்கலம்.

அளவும் தரையும்

உலக சுகாதார அமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், ஒரு நாட்டின் மக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும் என்று கணக்கிட்டது. நாற்காலியைக் கொடுப்பது மட்டும் போதாது, உடலை அளந்து பொருத்த வேண்டும், ஓட்டப் பயிற்சி தர வேண்டும், பழுது பார்க்க வழி செய்ய வேண்டும் என்றும் அந்நூல் வலியுறுத்தியது. விழா மேடைகளில் ஒரே அளவு நாற்காலிகளை வரிசையாக வழங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. செருப்பை ஒரே அளவில் ஊருக்கெல்லாம் கொடுப்பது போன்றதே இது. அகலம் கூடினால் கை வளையத்தை எட்டாது. அப்போது நாற்காலி மீண்டும் தள்ளுபவர் கைக்கே போய்விடுகிறது.

வீடும் கவனிக்கத்தக்கது. சாதாரண நாற்காலியின் அகலம் இரண்டடிக்குச் சற்று அதிகம். பல வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டடிதான். முதியவர் ஒருவர் கூடம் வரை தாமே உருட்டி வந்து, அந்தக் கதவருகே நின்று மகளையோ மருமகளையோ கூப்பிட வேண்டியிருக்கும். வாசலுக்கும் ஒரு கணக்கு உண்டு. சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என இருக்க வேண்டும். அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். பல கட்டடங்களில் இடத்தைச் சிக்கனம் செய்து மூன்றடி நீளத்தில் சிமெண்ட் பூசிவிடுகின்றனர். ஏறினால் நாற்காலி பின்னால் சாயும். இறங்கினால் உருண்டு ஓடும். அதைச் சாய்தளம் என்று சொல்வதைவிடச் சறுக்குமரம் என்று சொல்லலாம்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் தடையற்ற அணுகலை வலியுறுத்துகின்றன. விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்கள் அனைத்தும் மாற்றப்பட வேண்டும் என்பது பின்னைய சட்டத்தின் ஆணை. விதிகள் 2017இல் வந்தன. கெடு 2022இல் முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தொடர்பான விதி வெறும் பரிந்துரையாகவே எழுதப்பட்டுள்ளது, அது சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதம் அளித்தது.

சென்னையில் சக்கர நாற்காலியோடு ஏறத்தக்க தாழ்தளப் பேருந்துகள், நீண்ட வழக்குகளுக்குப் பின் 2024 ஆகஸ்டு முதல் ஓடத் தொடங்கின. மெரினா கடற்கரையில் முன்பெல்லாம் டிசம்பர் மாதத்தில் சில நாட்களுக்கு மட்டும் மணல்மீது தற்காலிகப் பாதை போடப்படும். அந்நாட்களில்தான் நாற்காலியில் இருப்பவர்கள் அலைக்கு அருகே செல்ல முடிந்தது. 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளமுள்ள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அதே ஊரில் பிறந்து வளர்ந்தும் கடல்நீரைத் தொட்டிராத முதியவர்கள் சிலர் அன்று தொட்டனர். இரண்டு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் கடலோர முனையைப் பெயர்த்தது. பலகைகளைச் சீர்செய்து பாதை மீண்டும் திறக்கப்பட்டது.